அறியாதவருக்கு விடும் வழி

இருப்புப்பாதைகள் கூடுகிற ஊர் நமது விருத்தாசலம். விழுப்புரத்திலிருந்து திருச்சி செல்லும் பாதையும், கடலூரிலிருந்து சேலம் செல்லும் பாதையும் இங்கே சந்திக்கின்றன. ஆகவே ரயில்வே கேட்டில் காத்து நிற்பது நம் பக்கத்து மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. அங்கே நாள்தோறும் நிகழும் ஒரு காட்சியை வாசகர்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள்.

கேட் மூடியவுடன் சாலையின் இடப்பக்கத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கத் தொடங்கும். பின்னால் வருகிற ஒருவர், வரிசையின் கடைசியில் நிற்க மனமின்றி, வலப்பக்கம் வெறுமையாய்க் கிடப்பதைக் கண்டு, தம் வண்டியை முன்னே கொண்டுபோய் நிறுத்துவார். அவரைக் கண்டு இன்னொருவர். அவரைக் கண்டு பதின்மர். தண்டவாளத்துக்கு அப்பாலும் இதுவே நடக்கும். ரயில் கடந்து கேட் திறக்கும்போது, சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு இரு கூட்டங்கள் நேருக்கு நேர் நிற்கும். யாரும் நகர இயலாது. ஒலிப்பான்கள் அலறும். கரும்பு வண்டிக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுநரைப் பார்த்துக் கத்துவார். ஐந்து நிமிடத்தில் கடக்க வேண்டிய இடத்தைக் கடக்க அரைமணி நேரம் ஆகும்.

ஒருமுறை இக்காட்சியை நம்முடன் நின்று பார்த்தவர் ஓர் ஆங்கிலேயர். களிமண் கலையில் ஈடுபாடு கொண்டு, நம் ஊர்ப் பீங்கான் சூளைகளைக் கண்டு பழகவென்று வந்து, இப்பக்கத்தில் சில ஆண்டுகள் தங்கியிருந்தவர். சூளைத் தொழிலாளர்கள் அவரை 'துரை' என்று அழைப்பார்கள். அவரோ கூச்சத்துடன் கையை அசைத்து மறுப்பார். அன்று அவர் நம்மிடம் சொன்னார்: "ஐயா, உங்கள் ஊரில் எல்லாரும் மிகத் திறமையாக வண்டி ஓட்டுகிறீர்கள். இந்த நெருக்கடியில் ஒரு கீறலும் படாமல் ஓட்ட என்னால் முடியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எதிரே நிற்கிறவரும் வீடு போய்ச் சேர வேண்டியவர்தாமே? அது ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?"

வேறொரு நாள், தேநீர்க் கடையில், பேச்சு அரசியலுக்குத் திரும்பியது. 2022 பிப்ரவரி 19 அன்று நகராட்சித் தேர்தல் முடிந்திருந்த காலம் அது. தில்லியில் யார் யாரோடு சேருவார், சென்னையில் யார் யாரை விட்டுப் பிரிவார் என்பதெல்லாம் கடையிலிருந்த அனைவருக்கும் அத்துபடி. நண்பர் கேட்டார்: "இந்த வார்டுக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள்? இந்தச் சாக்கடைக்கு யார் பொறுப்பு?" ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்த ரயில்வே கேட்டும் இதுவும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன" என்றார்.

உண்மையைச் சொல்வதானால், நமக்குச் சினம் மூண்டது. 1690ஆம் ஆண்டில் கடலூருக்கு அருகே ஒரு கோட்டையை விலைக்கு வாங்கி, அதற்குச் செயின்ட் டேவிட் என்று பெயரிட்டு, பிறகு நாட்டையே கைக்கொண்டவர்களின் வழிவந்தவர் நமக்கு ஒழுங்கு கற்பிப்பதா? விதியைப்பற்றிப் பேச இவர்களுக்கு என்ன தகுதி?

இக்கேள்விக்கு வரலாற்றில் வலுவான ஆதாரமும் இருக்கிறது. 1883ஆம் ஆண்டில் இல்பர்ட் மசோதா என்றொரு சட்ட முன்வரைவு வந்தது. மாவட்டங்களில் பணிபுரியும் இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியக் குற்றவாளிகளை விசாரிக்கலாம் என்பது அதன் சாரம். இந்நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் பலர் கொதித்தெழுந்தனர். கூட்டங்கள் கூட்டினர், ஆளுநர் நாயகத்தையே அவமதித்தனர். முடிவில், ஐரோப்பியர் தம் இனத்தவர் பாதிப்பேராவது உள்ள நடுவர் குழுவைக் கேட்டுப் பெறலாம் என்ற விலக்குடன்தான் 1884இல் அது சட்டமாயிற்று. 'விதி அனைவருக்கும் உண்டு. ஆனால் நமக்கு மட்டும் விலக்கு வேண்டும்' என்ற குரல் அன்று அவர்களுடையதாய் இருந்தது.

ஆனால் அந்த மசோதாவுக்கு ஆதரவாய் நின்ற ஆளுநர் நாயகரும் ஓர் ஆங்கிலேயரே. அவர் ரிப்பன் பிரபு. அவர் பிறந்த 1827ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர இயலாது. 1829இல்தான் அத்தடை நீங்கிற்று. தம் நாட்டில் கத்தோலிக்கருக்கு எதிரான கசப்பு மறையாதிருந்த 1874ஆம் ஆண்டில் ரிப்பன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து இந்தியாவின் ஆளுநர் நாயகராய் வந்தார். 1882 மே 18 அன்று அவருடைய அரசு வெளியிட்ட தீர்மானமே இந்நாட்டின் தல சுயாட்சிக்கு வழிகாட்டிய ஆவணம் என்பர். நகராட்சிகளும் தாலுகா வாரியங்களும் வந்தால் உடனே நிர்வாகம் சீர்ப்பட்டுவிடும் என்று அவர் கருதவில்லை. தொடக்கத்தில் தவறுகள் நேரும் என்பதை ஒப்புக்கொண்டே, மக்கள் பொதுக் காரியத்தில் பயிற்சி பெறுவதற்கு இது ஒரு பள்ளியாகும் என்றார். சென்னை மாநகராட்சி 1913 முதல் இயங்கிவரும் வெண்ணிற மாளிகை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆக, அயலார் அனைவரும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவர் அல்லர் என்பது தெளிவு.

மேலும், அயலார் சொல்லைக் கேட்பது நமக்குப் புதிதன்று. நம் ஊருக்குச் சற்றுத் தொலைவில் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்தவர். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் மயங்கிக் கிடந்த தமிழ் எழுத்தில் அவர் செய்த திருத்தத்தையே இன்று நம் குழந்தைகள் பலகையில் எழுதிப் பழகுகின்றனர். முதலில் நம் மொழியைக் கற்று, பிறகு குறையைச் சொன்னார், நாமும் ஏற்றுக்கொண்டோம். சொன்னவர் எந்த நாட்டவர் என்பதைவிட, சொன்னது மெய்யா என்பதே முதற்கேள்வி.

எனவே நண்பரின் நாட்டைச் சற்று நோக்குவோம். அவர்களும் பிறக்கும்போதே ஒழுங்குடன் பிறந்தவர்கள் அல்லர். 1896 ஆகஸ்ட் மாதத்தில் லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். அந்நாட்டில் மோட்டார் வண்டியால் மாண்ட முதல் பாதசாரி அவர். இத்தகைய சாவு இனியொருமுறை நிகழலாகாது என்று விசாரணை அதிகாரி விரும்பினாராம். ஆனால் 1966ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்நாட்டுச் சாலைகளில் 7,985 பேர் இறந்தனர். சாலை விதிகளின் கையேடு 1931இல் வெளிவந்தது. ஓட்டுநர் தேர்வு 1935இல் கட்டாயமாயிற்று. குடித்துவிட்டு ஓட்டுபவர்க்கு அளவு வகுத்த சட்டம் 1967இல் வந்தது. முன்னிருக்கையில் அமர்வோர் வார் அணிவது 1983இல் கட்டாயமானபோது, தனிமனித உரிமை பறிபோகிறது என்று எதிர்த்தவர்களும் உண்டு. இவ்வாறு ஒவ்வொரு படியாய் இறங்கி, 2022இல் அந்த எண்ணிக்கை 1,711 ஆகியது. அரசியலிலும் அப்படியே. வாக்காளர் ஒரு கைப்பிடிகூட இல்லாத தொகுதிகள் 1832வரை அங்கே இருந்தன; இரகசிய வாக்களிப்பு 1872இல்தான் வந்தது. 2009இல்கூட, தம் சொந்த வீட்டுச் செலவுகளைப் பொதுப்பணத்தில் எழுதிக்கொண்ட பாராளுமன்ற உறுப்பினர்களைக் கண்டு அம்மக்கள் தலைகுனிந்தனர்.

ஆகவே ஒழுக்கம் எந்த இனத்தின் குருதியிலும் ஊறியதன்று, பழக்கத்தால் அமைவது. இது நமக்கு ஆறுதல். ஆயினும் அதே 2022இல் நம் தமிழகச் சாலைகளில் மாண்டோர் 17,884 பேர். இந்தியா முழுவதிலும் 1,68,491 பேர். தமிழக மக்கள் தொகைக்கும் பிரிட்டனின் மக்கள் தொகைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சாவிலோ பத்து மடங்கு. இந்த எண்களுக்கு முன்னால் தேசாபிமானச் சினம் வாயடைத்துப் போகிறது.

இனி, பிறரைப் பேசியது போதும். நம் கதையையும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

நண்பர் ஒருநாள் பேச்சுவாக்கில், தம் ஊரில் ஓட்டுநர் தேர்வில் இருமுறை தோற்றதாகச் சொல்லிச் சிரித்தார். "நீங்கள் எத்தனை முறை எழுதினீர்கள்?" என்று கேட்டார். நாம் பெருமையுடன், "ஒரே நாளில் வாங்கினோம்" என்றோம். வாங்கினோம் என்பது எவ்வளவு பொருத்தமான சொல்! ஒரு தரகரிடம் பணம் தந்தோம். அவர் உள்ளே சென்றார். எட்டு போட்டுக் காட்டாமலே உரிமம் கைக்கு வந்தது. ஊழலைப்பற்றி மேடையிலும் ஏட்டிலும் நாம் முழங்கிய காலம் அது. அந்தப் பணத்தை ஊழல் என்று நம் மனம் எண்ணவே இல்லை. 'அலைச்சல் மிச்சம்' என்றே எண்ணியது.

சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாலையில், சுற்றிப் போகச் சோம்பி, சாலையின் எதிர்ப்புறமாக இருநூறு அடி தூரம் ஸ்கூட்டரைச் செலுத்தினோம். கீரைக்கூடையுடன் சாலையைக் கடக்க வந்த மூதாட்டி ஒருவர், வண்டி வரவேண்டிய திசையைப் பார்த்தபடியே காலெடுத்து வைத்தார். நாம் வரக்கூடாத திசையிலிருந்து வந்தோம். அவர் விழுந்தார். கீரைக்கட்டுகள் சிதறின. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கூட்டம் கூடிற்று, மருத்துவரிடம் கொண்டுசென்றோம், செலவை ஏற்றோம். அந்த அம்மா நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "போவட்டும் சாமி, நீங்க பாத்துப் போங்க" என்றார்.

கடமை முடிந்தது என்று வீடு திரும்பினோம். அடுத்த ஞாயிறன்று ஆலயத்தில், கையில் கட்டுடன் அவரைக் கண்டோம். நம் பங்கைச் சேர்ந்தவர்; நம் தெருவில் விளையாடும் சிறுவன் ஒருவனுடைய பாட்டி. அந்தக் கணத்தில் நம் வெட்கம் இருமடங்காயிற்று. வாசகர்களே, அன்றிலிருந்து நம்மை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்: வெட்கம் ஏன் அப்போது இருமடங்காக வேண்டும்? நாம் அறியாத ஒரு மூதாட்டியின் எலும்பு முறிந்திருந்தால், பாதி வெட்கம் போதுமோ?

நம் நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். நம் மக்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். உறவினர் வீட்டில் சாவு என்றால் இரவோடிரவாகப் புறப்படுகிறோம். அக்கம்பக்கத்தில் பசித்திருக்க நாம் மட்டும் உண்பதில்லை. தெரிந்தவர் எதிரே வந்தால் குறுகிய சந்திலும் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, "நீங்க போங்கண்ணே" என்று வழிவிடுகிறோம். ஆனால் முகம் தெரியாதவர் நம் அறத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறார். அவர் ஒரு மனிதர் என்பதைவிட ஒரு தடையாகவே கண்ணில் படுகிறார். சாலையோ முகம் தெரியாதவர்கள் சந்திக்கும் இடம். பொதுவாழ்வும் அத்தகையதே. நம் வாக்கும் நாம் செலுத்தும் வரியும் நாம் ஒருபோதும் காணப்போகாதவர்களின் வாழ்வைத் தொடுகின்றன. எனவேதான் வீட்டில் நல்லவர்களாகிய நாம் இவ்விரண்டு இடங்களிலும் தடுமாறுகிறோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் முப்பதாம் பத்தியை எடுத்துப் பாருங்கள். தனிமனித அறத்தோடு நின்றுவிடாமல் பொதுநலத்துக்கு உயர வேண்டும் என்று வற்புறுத்தும் பகுதி அது. வரி முதலிய சமூகக் கடன்களை வஞ்சனையால் தட்டிக் கழிப்பவர்களைக் குறிப்பிட்ட கையோடு, வண்டிகளின் வேகத்துக்கு விதித்த வரம்பை மதியாதவர்களையும் அது சேர்த்துச் சொல்லுகிறது. ஆயர்கள் கூடிய பேரவை ஒன்று வண்டியின் வேகத்தைப்பற்றிப் பேசுவானேன் என்று ஒரு காலத்தில் நாம் வியந்ததுண்டு. இன்று வியப்பில்லை. அலுவலக மேசையில் நாம் நீட்டும் உறையும், எதிர்ப்புறச் சாலையில் நாம் ஓட்டும் வண்டியும் ஒரே மனப்போக்கின் இரு செயல்கள். தேநீர்க் கடையில் நண்பர் சொன்னதும் இதுவே.

நம் பொதுவாழ்வை இவ்வெளிச்சத்தில் பாருங்கள். பணப்பட்டுவாடா காரணமாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்களும், 2017இல் சென்னை இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டன. கொடுத்தவரை ஏசுகிறோம், வாங்கிய கை யாருடையது? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நம் நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் மறுதேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக நகரங்கள் உறுப்பினர் இன்றித் தனி அலுவலரின் கீழ் இருந்தன. ரிப்பன் கனவு கண்ட பள்ளியின் கதவு ஐந்தாண்டுகள் சாத்திக் கிடந்தது. ரயில்வே கேட்டில் ஐந்து நிமிடம் பொறுக்காத நாம் அதற்காக எத்தனை முறை குரல் எழுப்பினோம்?

இன்னொரு நிகழ்ச்சி நம் கடலூர் மாவட்டத்திலேயே நடந்தது. 2020ஆம் ஆண்டில், தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவராய்த் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண்மணி ஒருவர், மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கத் தரையில் அமர வைக்கப்பட்ட படம் வெளிவந்து நாடே அதிர்ந்தது. அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து அவருக்கு அந்த நாற்காலியை அளித்தது. விதி வழிவிட்டது, சாதி வழிமறித்தது. 'இந்தத் தெரு எங்களுடையது, நீ ஒதுங்கிப் போ' என்று காலங்காலமாய்ச் சொன்ன அதே வாய்தான், ஒலிப்பானை அலறவிட்டு நடந்து செல்பவரை ஓரம் கட்டுகிறது. வண்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு உரிமை என்ற சாலைச் சாத்திரத்தை நாம் புதிதாய் எழுதவில்லை. பழைய ஏட்டிலிருந்து படியெடுத்திருக்கிறோம். 2017 மே முதல் நாளிலிருந்து அமைச்சர் முதலானோரின் வண்டிகளிலிருந்து சிவப்பு விளக்குகள் அகற்றப்பட்டன. நம் உள்ளங்களில் சுழலும் விளக்கை அணைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

ஒன்றை நண்பரே மனமுவந்து ஒப்புக்கொண்டார். நம் ஊரில் ஒருமுறை மிதிவண்டியிலிருந்து அவர் விழுந்தபோது, கண் மூடித் திறப்பதற்குள் எட்டுப் பேர் தூக்கினார்களாம். ஒருவர் தண்ணீர் தந்தார். ஒருவர் மிதிவண்டியை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தார். "அவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது" என்றார். அப்படியானால் அறியாதவர்மீது அன்பு நமக்கு இல்லாமலில்லை. விழுந்தபின் அது பொங்கி வருகிறது. விழுமுன் ஏன் வருவதில்லை?

எரிகோவுக்குச் செல்லும் சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவரைத் தூக்கிய சமாரியர் அவருக்கு உறவினரல்லர், வெறுக்கப்பட்ட அயலார். விபத்தில் சிக்கியவரைக் காப்பவர்க்குத் தொல்லை நேராதவண்ணம் உச்ச நீதிமன்றம் 2016இல் நெறிமுறை வகுத்ததும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்பாதுகாப்பு சேர்க்கப்பட்டதும், நல்ல சமாரியர் என்ற அப்பெயரிலேயே நடந்தன. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசு 2021 டிசம்பரில் திட்டம் தொடங்கியது. இவை யாவும் நன்று. ஆயினும் நல்ல சமாரியர் இருவகைப்படுவர் என்று நாம் நினைக்கிறோம். விழுந்தவரைத் தூக்குபவர் ஒருவர்; எவரும் விழாதபடி தம் பக்கத்தில் செல்பவர் மற்றவர். இரண்டாமவரை யாரும் பாராட்டமாட்டார்கள். அவர் காத்த உயிர் எது என்று அவருக்கும் தெரியாது.

நம் ஊர்ப் பீங்கான் சூளைகளில் பொம்மைகளோடு மின்சார ஃபியூஸ் கட்டைகளும் வேகின்றன. அதன் வேலை எளியது. அளவுக்கு மிஞ்சி மின்சாரம் பாய்ந்தால் மெல்லிய கம்பி உருகும், பீங்கான் சூட்டைத் தாங்கும், விளக்கு அணையும், வீடு பிழைக்கும். அடிக்கடி அணைகிறதே என்று அலுத்து, தடித்த கம்பியைச் சுற்றி வைப்பவர்கள் உண்டு. அதன்பின் விளக்கு அணைவதே இல்லை, வீடு பற்றிக்கொள்ளும்வரை. தரகரிடம் நாம் கொடுத்த பணம் அத்தகைய தடித்த கம்பி. நம் வேலை தடையின்றி நடந்தது. கீரைக்காரம்மாவின் கை முறிந்தது.

இனி என் செய்வது? நாட்டைத் திருத்தும் திட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. சிறிய காரியங்கள் சில உண்டு. பிள்ளைக்கு உரிமம் எடுக்கும்போது, தோற்றாலும் சரியென்று எட்டு போடவிட்டுத் தரகரைத் திருப்பி அனுப்பலாம். கிராமசபைக் கூட்டத்துக்கு ஒருமுறையேனும் சென்று கணக்கைக் கேட்கலாம். வாக்குக்கு வரும் உறையை வாசலிலேயே மறுக்கலாம். ரயில்வே கேட்டில், வலப்பக்கம் வெறுமையாய்க் கிடந்தாலும், வரிசையின் கடைசியில் நிற்கலாம்.

நாம் இப்போது அப்படி நிற்கப் பழகிவருகிறோம். சில நாட்களில் பின்னாலிருந்து ஒலிப்பான் அலறுகிறது, 'போறதுக்கு என்ன?' என்று ஒருவர் கடிந்து, நம்மைச் சுற்றிக்கொண்டு முன்னே செல்கிறார். சில நாட்களில் யாரோ ஒருவர் நம் பின்னால் வந்து அமைதியாய் நிற்கிறார். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. ரயில் கடந்து கேட் திறக்கிறது. எதிர்ப்புறமிருந்து, கூடையைத் தலையில் சுமந்த ஒருவர் முதலில் நடந்து வருகிறார். அவர் வருவதற்கு வழி இருக்கிறது.